கம்யூனிட்டி மீன் தொட்டி: சிக்கல்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெட்ரா, கப்பி, மோலி, பார்ப், கோரிடோரஸ், கௌராமி என்று பல இன மீன்களை ஒரே நன்னீர்த் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கான பக்கம் இது. வெப்பநிலை எல்லாம் செல்சியஸில், அளவுகள் எல்லாம் லிட்டர், கிராம் கணக்கில். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நோய் என்று நினைத்து மருந்து ஊற்றப்படும் தொட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்பட்டது நல்ல தண்ணீர்தான். ஆகவே கீழே பல பதில்கள் டெஸ்ட் கிட்டிலிருந்தே தொடங்கும்.

மீன்கள் சோர்ந்து கிடக்கின்றன. என்ன கோளாறு என்று பிடிபடவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

தெர்மாமீட்டரைப் பாருங்கள். பிறகு அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச் நான்கையும் சோதியுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். "கொஞ்சம்தானே இருக்கிறது" என்பது இங்கே செல்லாது. நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் இருந்தால் பரவாயில்லை, 20க்குள் இருந்தால் நல்லது. வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி பெரும்பாலான கூட்டுத் தொட்டிகளுக்குப் பொருந்தும்.

அம்மோனியாவோ நைட்ரைட்டோ தென்பட்டால் காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம். முதலில் 30 முதல் 50 சதவீதம் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கியிருக்க வேண்டும், வெப்பநிலையும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். அன்றைக்குத் தீனி வேண்டாம். அதன்பின் கடந்த இரண்டு வாரங்களில் என்ன மாறியது என்று யோசியுங்கள்: புது மீன், புது ஃபில்டர் ஸ்பாஞ்ச், மருந்து, மின்தடை, வீட்டில் அடித்த பூச்சிமருந்து, காணாமல் போன ஒரு மீன்.

சோதனையிலும் தவறு நேரும். பட்டைச் சோதனைகளில் பலவற்றில் அம்மோனியாவே இருக்காது, மிக முக்கியமான எண் அதுதான். திரவக் கிட்டில் நைட்ரேட்டின் இரண்டாம் புட்டியில் தூள் அடியில் படிந்துவிடும். அதை 30 விநாடியாவது பலமாகக் குலுக்காமல் சொட்டு விட்டால் அளவு குறைவாகவே காட்டும். குழாய்த் தண்ணீரையும் ஒருமுறை தனியாகச் சோதித்துக் குறித்து வையுங்கள். நைட்ரேட் அங்கிருந்தே வருகிறது என்றால் எத்தனை முறை மாற்றினாலும் குறையாது.

மருந்து அளவுக்குத் தொட்டியின் கொள்ளளவை எப்படிக் கணக்கிடுவது?

நீளம் × அகலம் × தண்ணீரின் உயரம், எல்லாம் சென்டிமீட்டரில். வருவதை 1000ஆல் வகுத்தால் லிட்டர். தண்ணீரின் உயரத்தை மணலுக்கு மேலிருந்து அளந்து, கல், மரக்கட்டைக்கு இன்னும் கொஞ்சம் கழிக்கலாம். அல்லது அடிக்கண்ணாடியிலிருந்து அளந்து மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் கழிக்கலாம். 90 × 40 × 40 என்றால் 144 லிட்டர் வரும், உள்ளே உண்மையில் இருப்பது 125 லிட்டர் அளவில்தான். கடையில் சொன்ன கொள்ளளவுக்கு மருந்து ஊற்றினால் அளவு கூடிப்போகும்.

தொட்டி வைத்து ஒரு வாரம்தான் ஆகிறது. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. ஏன்?

தெளிவுக்கும் தூய்மைக்கும் தொடர்பில்லை. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அது நாள்தோறும் வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். இரண்டும் ஃபில்டரிலும் மணலிலும் குடியேறிப் பெருக பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதற்குள் மீன்களை விட்டால் அவை தம் கழிவிலேயே நஞ்சாகின்றன.

மீன் விடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. ஃபில்டர், ஹீட்டர் ஓடட்டும், 27 டிகிரி அளவில் வையுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்படி அம்மோனியா சேருங்கள். அம்மோனியம் குளோரைடு என்றால் 100 லிட்டருக்குச் சுமார் 0.6 கிராம். இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். முதலில் அம்மோனியா குறைந்து நைட்ரைட் ஏறும், அது பல நாள் உச்சத்திலேயே நிற்கும், பிறகு திடீரென விழும். அம்மோனியா தீர்ந்துபோகும் போதெல்லாம் மீண்டும் ஊற்றிக்கொண்டே வாருங்கள். 2 மில்லிகிராம் ஊற்றி 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். நைட்ரேட்டைக் குறைக்கப் பெருமளவு தண்ணீரை மாற்றிவிட்டு மீன்களை விடலாம்.

நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஓடிய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் ஓரிரு வாரத்தில் வேலை முடியும். புட்டியில் விற்கும் பாக்டீரியா சில சமயம் உதவும், சில சமயம் உதவாது. அதை நம்பி சோதனையை விட்டுவிட வேண்டாம்.

ஏற்கெனவே மீன் விட்டாயிற்று என்றால்: தினமும் சோதனை, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து 0.5ஐத் தாண்டும் நாளில் பாதித் தண்ணீர் மாற்றம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மிகக் குறைந்த தீனி. புது மீன் கிடையாது.

அம்மோனியா 0.5 காட்டுகிறது, மீன்கள் நன்றாகத்தான் நீந்துகின்றன. பயப்பட வேண்டுமா?

பி.எச்சைப் பொறுத்தது. கிட் காட்டுவது இரண்டின் கூட்டுத்தொகை: நஞ்சான அம்மோனியா, அவ்வளவாகத் தீங்கில்லாத அம்மோனியம். 25 டிகிரியில் பி.எச் 7 என்றால் அதில் நஞ்சு 0.6 சதவீதத்துக்கும் குறைவு. பி.எச் 8 என்றால் சுமார் 5 சதவீதம், பி.எச் 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நஞ்சான அம்மோனியா லிட்டருக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான எல்லை. ஆகவே உங்கள் 0.5, பி.எச் 7இல் எல்லைக்கு வெகு கீழே. பி.எச் 8இல் எல்லையைத் தாண்டிவிட்டது. எப்படியிருந்தாலும் ஃபில்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பதற்கு அது அறிகுறி. தீனியைப் பாதியாக்கி, செத்த மீனோ அழுகும் இலையோ உள்ளே இருக்கிறதா என்று தேடுங்கள்.

நைட்ரைட் ஏறிவிட்டது, மீன்கள் மூச்சு வாங்குகின்றன. தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு, உப்பு. நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் புகுந்து அது ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. அதனால் செவுள் பழுப்பாகத் தெரியும். உப்பிலுள்ள குளோரைடு அதே வாசலில் போட்டியிட்டு நைட்ரைட்டைத் தடுக்கும். 100 லிட்டருக்கு அயோடின் சேர்க்காத சாதாரண உப்பு 15 கிராம் போதும். ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். இந்தச் சிறு அளவு கோரிடோரஸுக்கோ செடிக்கோ கெடுதல் செய்யாது. இது நேரம் வாங்கித் தரும் ஏற்பாடுதான், தண்ணீர் மாற்றம் தொடர வேண்டும்.

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் போதாதா?

வெறும் குளோரின் என்றால் 24 மணி நேரத்தில், ஏர் ஸ்டோன் ஓடினால் இன்னும் சீக்கிரமாக, பெரும்பாலும் பறந்துவிடும். பல நீர் விநியோகங்களில் குளோரினுக்குப் பதில் குளோராமின் கலக்கிறார்கள், அது ஒரு வாரமானாலும் போகாது. எது என்று தெரியாவிட்டால் குளோரின் நீக்கி மருந்தையே பயன்படுத்துங்கள். சோடியம் தயோசல்ஃபேட் மட்டும் உள்ள மருந்து குளோராமினை உடைக்கும், ஆனால் அம்மோனியாவைத் தண்ணீரில் விட்டுவிடும். அம்மோனியாவையும் கட்டும் மருந்து என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். தொட்டிக்குள் நேராகக் குழாயால் நிரப்புகிறவர்கள், நிரப்பும் அளவுக்கல்ல, தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் மருந்தை முதலில் ஊற்ற வேண்டும்.

எல்லா மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அவசரமா?

ஆம். உடனே ஏர் பம்பைப் போடுங்கள், ஃபில்டரின் வாயை மேல்பரப்பு கலங்கும்படி திருப்புங்கள். பிறகு சோதியுங்கள்.

எப்போது இப்படி ஆகிறது என்பதே காரணத்தைச் சொல்லும். விடியற்காலையில் மட்டும் என்றால் ஆக்சிஜன் குறைவு: இரவில் செடிகளும் ஆக்சிஜனை உறிஞ்சும். கார்பன் டை ஆக்சைடு ஏற்றுகிறவர்கள் விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். வெயில் காலத்தில் மட்டும் என்றால் வெப்பம்: 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே வேளையில் மீனின் தேவையோ கூடுகிறது. தண்ணீர் மாற்றிய சில நிமிடங்களில் என்றால் குளோரின் மேல் சந்தேகப்படுங்கள், நீக்கி மருந்தை உடனே ஊற்றுங்கள். எந்த நேரமும் என்றால் அம்மோனியா அல்லது நைட்ரைட். எண்களெல்லாம் சரியாக இருந்தும் ஓரிரு மீன்கள் மட்டும் ஒரு பக்கச் செவுளை மூடியபடி வேகமாக மூச்சு வாங்கினால் செவுள் ஒட்டுண்ணியாக இருக்கலாம்.

கௌராமியும் பெட்டாவும் மேலே வந்து காற்றுக் குடிப்பது அவற்றின் இயல்பு. கோரிடோரஸ் அவ்வப்போது அம்பாகப் பாய்ந்து மேலே போய் வருவதும் அப்படியே.

தண்ணீர் பால் கலந்தாற்போல் வெண்மையாகிவிட்டது.

மணல் போட்ட அன்றே என்றால் மணல் தூசி. சில நாள் கழித்து என்றால் பாக்டீரியாப் பெருக்கம்: தண்ணீரில் கரைந்த கழிவைத் தின்னும் வகை, நைட்ரேட் ஆக்கும் வகை அல்ல. புதுத் தொட்டியில் இது இயல்பு, ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். தெளிய வைக்கும் ரசாயனம் வேண்டாம். பழைய தொட்டியில் திடீரென வந்தால் அதிகத் தீனி, மறைந்து கிடக்கும் சடலம், அல்லது பாக்டீரியாவைக் கொன்றுவிட்ட மருந்து, இவற்றில் ஒன்று. காற்றோட்டத்தைக் கூட்டி அம்மோனியாவைக் கவனியுங்கள்.

பச்சையாகிவிட்டதே?

மிதக்கும் ஒற்றைச்செல் பாசி. தண்ணீர் மாற்றினால் இரண்டு நாளில் திரும்பி வரும். யூ.வி விளக்கு உள்ள ஃபில்டர் சில நாளில் முடித்துவிடும். அது இல்லையென்றால் தொட்டியை நான்கு நாள் கனத்த துணியால் ஒளி புகாமல் மூடுங்கள், ஏர் பம்ப் ஓடட்டும், தீனி வேண்டாம். திறந்ததும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள், செத்த பாசி அழுகும். தொட்டியில் நேர் வெயில் படுகிறதென்றால் இடத்தை மாற்றாமல் இது தீராது.

தேநீர் நிறம்?

மரக்கட்டையிலிருந்து இறங்கும் டானின். தீங்கில்லை, டெட்ராக்களுக்குப் பிடிக்கும். கண்ணுக்குப் பிடிக்காவிட்டால் ஃபில்டரில் கார்பன் (நிறத்தையும் மருந்தையும் உறிஞ்சும் கரி) போடுங்கள்.

ஃபில்டரைச் சுத்தம் செய்த மறுநாள் மீன்கள் செத்துவிட்டன. சுத்தம் செய்வதுதானே நல்லது?

எப்படிச் செய்தீர்கள் என்பதில் இருக்கிறது. குழாயடியில் ஸ்பாஞ்சைப் பிழிந்து அலசினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில், வாளிக்குள், கசடு போகும் அளவுக்கு மட்டும் அலசுங்கள். பழுப்பு நிறம் மிச்சமிருந்தால் இருக்கட்டும். ஸ்பாஞ்சும் செராமிக் வளையமும் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் தொட வேண்டாம், இடையே இரண்டு வாரம் விடுங்கள். மாதம் ஒருமுறை ஃபில்டரை மாற்றச் சொல்லும் அட்டைப் பெட்டி வாசகம் விற்பனைக்காக எழுதப்பட்டது. ஸ்பாஞ்ச் பொடியாக உதிரும் வரை மாற்றத் தேவையில்லை. மாற்றும்போதும் புதியதைப் பழையதோடு ஒரு மாதம் சேர்த்து ஓட விடுங்கள். அன்றே மணலையும் கிளறிச் சுத்தம் செய்வது இன்னொரு தவறு.

மின்தடை பல மணி நேரம் நீடித்தால்?

தீனி போடாதீர்கள். பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் அரை மணிக்கு ஒருமுறை ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மின்சாரம் வந்ததும் அது உள்ளே தேங்கி நாறிய தண்ணீரைத் தொட்டிக்குள் கொட்டும். எனவே முதலில் குழாயைக் கழற்றி அந்தத் தண்ணீரைக் கீழே விட்டு, உள்பொருளைத் தொட்டித் தண்ணீரில் அலசி, பிறகு ஓட்டுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இரண்டு ஆண்டாகப் பழைய மீன்கள் நலமாக இருக்கின்றன. புதிதாக வாங்கி விடுபவை மட்டும் இரண்டே நாளில் செத்துவிடுகின்றன. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

அவரைக் குறை சொல்வதற்கு முன் நைட்ரேட், பி.எச், கார்பனேட் கடினத்தன்மை மூன்றையும் பாருங்கள். தண்ணீர் மாற்றாமல், ஆவியானதற்கு மட்டும் ஊற்றி வந்த தொட்டிகளில் இதுதான் வழக்கம். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலையில் அமிலம் உருவாகிறது. அது கார்பனேட்டைத் தின்றுகொண்டே வரும். கார்பனேட் தீர்ந்ததும் பி.எச் சரியும். 6க்குக் கீழே போனால் நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியா பெரும்பாலும் முடங்கும், அம்மோனியா சேரும். பி.எச் குறைவாக இருப்பதால் அது அம்மோனியம் வடிவில் தீங்கின்றிக் கிடக்கும். பழைய மீன்கள் மெல்ல மெல்லப் பழகிவிட்டன. நல்ல தண்ணீரிலிருந்து வரும் மீனுக்கு அது பேரதிர்ச்சி.

இங்கே பலரும் செய்வது, பதறிப்போய் ஒரேயடியாக 70 சதவீதம் மாற்றுவது. பி.எச் 5.5இலிருந்து 7.5க்கு ஏறும்போது கிடந்த அம்மோனியம் நஞ்சாகத் திரும்பும், பழைய மீன்களும் அன்றிரவே போகும். தினமும் 10 சதவீதம், இரண்டு மூன்று வாரம் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மணலில் ஒரு பகுதியைச் சைஃபனால் உறிஞ்சுங்கள், முழுவதையும் அல்ல. எண்கள் குழாய்த் தண்ணீரை நெருங்கியதும் வாரம் 25 சதவீதம் என்ற வழக்கத்துக்கு வந்துவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரிலேயே கார்பனேட் குறைவு என்றால் நொறுக்கிய பவளம் ஒரு கைப்பிடியைத் துணிப்பையில் கட்டி ஃபில்டரில் வையுங்கள், மெல்லக் கரைந்து ஈடுசெய்யும். சமையல் சோடாவும் உதவும்: 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கார்பனேட் கடினத்தன்மை ஒரு டிகிரி (இது கடினத்தன்மையின் அலகு, வெப்பநிலை அல்ல) ஏறும். ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

நியான் டெட்ராவுக்கு பி.எச் 6.5 வேண்டுமாம், என்னுடையது 7.6. குறைக்கும் மருந்து ஊற்றலாமா?

வேண்டாம். கார்பனேட் மிகுந்த தண்ணீரில் அமிலம் ஊற்றினால் பி.எச் விழுந்து மறுநாளே ஏறிக்கொள்ளும். அந்த ஊசலாட்டம் 7.6ஐவிடக் கெடுதல். பண்ணையில் வளர்ந்த நியான் 7.6இல் நன்றாகவே வாழும். இனப்பெருக்கம் செய்ய நினைத்தால்தான் மென்மையான தண்ணீர் தேவை.

உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். மருந்து ஊற்றியும் மறுநாள் கூடியிருக்கின்றன.

வெள்ளைப்புள்ளி நோய். காரணம் இக்தியோஃப்திரியஸ் என்னும் ஒட்டுண்ணி. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இரட்டிப்பாக்கி மீனைக் கொல்கிறவர்கள் அதிகம், ஆகவே இதன் வாழ்க்கைச் சுழற்சி தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பார்க்கும் புள்ளி தோலுக்கு அடியில் இருக்கிறது, மருந்து அங்கே எட்டாது. முதிர்ந்ததும் உதிர்ந்து தொட்டியின் அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை வெளியே வந்து ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். மருந்தும் உப்பும் கொல்வது நீந்தித் திரியும் இந்தக் கட்டத்தை மட்டும்தான். 25 டிகிரியில் முழுச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். குளிர்ந்த தண்ணீரில் பல வாரம் இழுக்கும்.

செய்ய வேண்டியது: கார்பனை ஃபில்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏர் பம்பைக் கூட்டுங்கள். சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 30 டிகிரிக்கு ஏற்றுங்கள். தினமும் மணலின் மேற்பரப்பைச் சைஃபனால் உறிஞ்சி 25 சதவீதம் தண்ணீரை மாற்றுங்கள். கப்பி, மோலி, பிளாட்டி இருக்கும் தொட்டியில் உப்பு நல்ல துணை: லிட்டருக்கு 2 கிராம், ஒன்றரை நாளில் மூன்று தவணையாக. 100 லிட்டரில் 25 லிட்டர் மாற்றினால் 50 கிராம் உப்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆவியான தண்ணீருக்கு ஈடாக ஊற்றும்போது உப்புச் சேர்க்கக் கூடாது, உப்பு ஆவியாவதில்லை. கோரிடோரஸ், லோச், சிறு டெட்ராக்கள் இருந்தால் உப்பைவிட வெப்பத்தையும், லேபிளில் சொன்னதில் பாதி அளவு மாலாக்கைட் கிரீன் மருந்தையும் நம்பலாம். ஒயிட் கிளவுட் மினோ போன்ற குளிர்நீர் மீன்களுக்கு 30 டிகிரி ஆகாது.

கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். பாதியில் நிறுத்திய சிகிச்சை இரண்டு வாரத்தில் திரும்பவும் வந்து நிற்கும்.

புள்ளிகள் உப்பளவாக இல்லாமல் தங்கத்தூள் அப்பியதுபோல் நுண்ணியதாக இருந்தால் அது வெல்வெட் நோய். டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். விளக்கை அணைத்து, தாமிரம் கலந்த மருந்து கொடுக்க வேண்டும். இறாலும் நத்தையும் தாமிரத்தில் பிழைக்காது, முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

வாயைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு. பூஞ்சைதானே?

பெரும்பாலும் இல்லை. காயம் பட்ட இடத்தில் நீண்டு அசையும் பஞ்சு பூஞ்சை. வாயிலும், முதுகில் சேணம் போட்டது போன்ற இடத்திலும் சாம்பல் வெண்மையாகப் படர்ந்து, ஒன்றிரண்டு நாளில் பல மீன்களைக் கொல்வது கொலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. இதைப் பிரித்தறிவது முக்கியம். வெள்ளைப்புள்ளிக்குப் பயன்படும் வெப்பம் இங்கே நோயை வேகப்படுத்தும். 24 டிகிரிக்குக் கீழே மெல்ல இறக்குங்கள், நோயுற்றதைத் தனியே எடுங்கள், பாக்டீரியா மருந்தை மீன் மருத்துவம் தெரிந்தவரிடம் கேட்டுக் கொடுங்கள். மெத்திலீன் ப்ளூவைத் தனித் தொட்டியில் மட்டும் ஊற்றுங்கள், ஃபில்டர் பாக்டீரியாவையும் அது கெடுக்கும்.

துடுப்புகள் கிழிந்திருக்கின்றன.

வெட்டியதுபோல் சுத்தமான விளிம்பு என்றால் யாரோ கடிக்கிறார்கள். டைகர் பார்ப், செர்ப்பே டெட்ரா மீது முதல் சந்தேகம். இவற்றை எட்டு பத்தாக வைத்தால் தங்களுக்குள் துரத்திக்கொள்ளும். மூன்று நான்கு என்றால் ஏஞ்சல் மீனையும் கௌராமியையும் பதம் பார்க்கும். விளிம்பு வெளுத்தோ சிவந்தோ நாராக அரிந்தோ இருந்தால் துடுப்பழுகல். தொடக்கத்தில் ஒரு வாரம் தினமும் 25 சதவீதம் தண்ணீர் மாற்றினாலே பெரும்பாலும் ஆறும். துடுப்பின் அடிவரை அரித்துவிட்டால்தான் மருந்து.

வயிறு வீங்கியிருக்கிறது.

மேலிருந்து பாருங்கள். செதில்கள் நிமிர்ந்து நின்றால் உள்ளுறுப்பு செயலிழந்த நிலை, பிழைப்பது அரிது. அந்த மீனைப் பிரித்து வையுங்கள். செதில் படிந்திருந்து, மீன் சாய்ந்தோ தலைகீழாகவோ மிதந்தால் மூன்று நாள் தீனியை நிறுத்துங்கள். பிறகு டாஃப்னியா (தீனியாகும் சிறு நீர்ப்பூச்சி), அல்லது வேகவைத்துத் தோல் நீக்கிய பட்டாணித் துணுக்கு. இரண்டுமில்லாமல் வயிறு சதுரமாக, ஆசனவாய்க்கு அருகே கரும்புள்ளியுடன் இருக்கும் கப்பி சில நாளில் குட்டி போடும்.

ஆண் மீனே இல்லை, கப்பி எப்படிக் குட்டி போட்டது?

ஒருமுறை சேர்ந்த பெண் கப்பி விந்தைப் பல மாதம் சேமித்து வைத்துக்கொள்ளும்.

பாசி நிற்கவே மாட்டேன் என்கிறது. பாசிக்கொல்லி ஊற்றலாமா?

எந்தப் பாசி என்று பார்த்துவிட்டுப் பேசலாம். புதுத் தொட்டியில் விரலால் துடைத்தால் போகும் பழுப்புப் படலம் டயட்டம். ஓரிரு மாதத்தில் தானே போய்விடும், நெரைட் நத்தை விரும்பித் தின்னும். கண்ணாடியில் கெட்டியான பச்சைப் பொட்டுகள் என்றால் ஒளி அதிகம், பிளேடால் சுரண்டி விளக்கு நேரத்தை ஆறேழு மணியாகக் குறைத்து டைமர் போடுங்கள்.

இலை விளிம்பிலும் மரக்கட்டையிலும் கருந்தாடி போல் வளர்வது சிவப்புப் பாசி இனம். கார்பன் டை ஆக்சைடு ஏறி இறங்கும் தொட்டிகளில் அதிகம். முற்றிய இலையை வெட்டியெறியுங்கள். கட்டையில் இருப்பதற்கு: ஃபில்டரை நிறுத்தி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிரிஞ்சால் பாசிமேல் மெல்லப் பீச்சி, ஐந்து நிமிடம் விட்டு ஃபில்டரை ஓட்டுங்கள். 100 லிட்டருக்கு மொத்தம் 25 மில்லியைத் தாண்ட வேண்டாம். சில நாளில் இளஞ்சிவப்பாகிச் சாகும்.

மணலை வழவழப்பான நீலப்பச்சைப் போர்வையாக மூடி, உரித்தால் தகடாக வந்து, துர்நாற்றம் அடிப்பது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. கையால் எடுத்துவிட்டு, நான்கு நாள் இருட்டு, பிறகு பெரிய தண்ணீர் மாற்றம், அந்த மூலையில் நீரோட்டம் கூடும்படி ஏற்பாடு. பாசிக்கொல்லி எதற்கும் முதல் தேர்வாக வேண்டாம். பலவற்றில் தாமிரம் உண்டு.

நத்தைகள் பெருகிவிட்டன. கண்ணாடியில் வெள்ளைப் புழுக்கள் வேறு.

இரண்டுக்கும் காரணம் மிஞ்சும் தீனி. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவே அளவு. இரவில் வெந்நீரில் வாட்டிய கீரை இலை ஒன்றைப் போட்டு, காலையில் நத்தைகளோடு எடுத்துவிடுங்கள். நத்தைகளை மருந்தால் ஒட்டுமொத்தமாகக் கொன்றால் அழுகும் உடல்களால் அம்மோனியா ஏறும். மயிரிழை போல் நெளியும் புழு தீங்கில்லாதது. அம்புத் தலையும் இரு கண்களும் தெரிய வழுக்கிச் செல்வது பிளனேரியா, இறால் வளர்ப்பவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டும்.

எந்தெந்த மீன்களைச் சேர்க்கக் கூடாது?

கடையில் 5 சென்டிமீட்டராக இருக்கும் பிளெக்கோ 30 சென்டிமீட்டரைத் தாண்டும். பாலா ஷார்க்கும் கிளவுன் லோச்சும் அந்த அளவுக்கு வளரும். பாசி தின்னும் என்று விற்கப்படும் சைனீஸ் ஆல்கே ஈட்டர் வளர்ந்தபின் மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு சளிப்படலத்தைச் சுரண்டும். வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்கு நியான் சரியாகப் பொருந்தும், ஓர் இரவில் நியான் குறைந்தால் அது திருட்டல்ல. ரெட் டெயில் ஷார்க் ஒரு தொட்டிக்கு ஒன்று. கோல்ட் ஃபிஷ் வெப்பமண்டல மீன்களோடு வேண்டாம். நியான், ரஸ்போரா, கோரிடோரஸ் ஆறுக்குக் குறைந்தால் ஒளிந்தே வாழும்.

ஹீட்டர் மேல் நம்பிக்கை இல்லை.

இருக்கவும் கூடாது. தெர்மோஸ்டாட் பழுதானால் அணையாமல் ஒட்டிக்கொண்டு மீனை வேகவைத்துவிடும். அறை வெப்பத்தைவிட 5 டிகிரி உயர்த்த லிட்டருக்குச் சுமார் அரை வாட், 10 டிகிரிக்கு ஒரு வாட். ஒரே பெரியதைவிடப் பாதித் திறனுள்ள இரண்டு பாதுகாப்பு. தண்ணீர் எடுப்பதற்கு 15 நிமிடம் முன்பே பிளக்கைக் கழற்றுங்கள், சூடான கண்ணாடி வெளியே தெரிந்தால் வெடிக்கும். எல்லா ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து மேலேறட்டும். வழியும் தண்ணீர் வளைவிலிருந்து தரையில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

புது மீனை எப்படி விடுவது?

பையை 15, 20 நிமிடம் மிதக்க விடுங்கள். திறந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் குவளைத் தொட்டித் தண்ணீர், நான்கைந்து தடவை. வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத்தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. பல மணி நேரம் பயணித்த பை என்றால் இந்த நிதானம் ஆபத்து: திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச் ஏறும், பையில் சேர்ந்த அம்மோனியா நஞ்சாகும். வெப்பநிலை சமமானதும் திறந்த சூட்டிலேயே மாற்றிவிடுங்கள்.

இவையெல்லாவற்றையும்விட முக்கியம் தனித் தொட்டி. 40 லிட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், ஒளிய ஒரு குழாய்த் துண்டு, மணல் வேண்டாம். ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய தொட்டியிலேயே ஓட விட்டால் தேவைப்படும் நாளில் தயாராக இருக்கும். மூன்று நான்கு வாரம் அங்கே வைத்துப் பாருங்கள், வலையும் சைஃபனும் தனியாக. மேலே சொன்ன நோய்களில் பெரும்பாலானவை புது மீனோடுதான் வருகின்றன.

ஒரு மீனைக் காணவில்லை. தேட வேண்டுமா?

தேடுங்கள். ஃபில்டரின் உறிஞ்சும் முனை, மரக்கட்டையின் பொந்து, பின்கண்ணாடிக்கும் சுவருக்கும் இடைவெளி, தரை. சிறு டெட்ரா செத்தால் நத்தைகளும் மற்ற மீன்களும் ஓர் இரவில் தடமில்லாமல் தின்றுவிடும். பெரிய மீன் என்றால் அழுகி அம்மோனியா ஏற்றும், கிடைக்காவிட்டால் கல், கட்டையை நகர்த்திப் பார்த்து மூன்று நாள் தொடர்ந்து சோதியுங்கள். தரையில் கிடைத்தால் மூடியில் ஒயர் நுழையும் இடைவெளியை ஸ்பாஞ்சால் அடையுங்கள், கில்லி மீன், லோச் போன்றவை விரலளவு சந்திலும் வெளியேறும்.